இடம் முந்தி, பணம் பிந்தி

கல்லூரி இடம் கணினித் திரையில் தெரிந்த பிறகும் புளியறைப் பெற்றோரின் காத்திருப்பு முடிவதில்லை. உதவித்தொகை வந்து சேரும்வரை ஒரு குடும்பம் எதை அடகு வைத்து நாளை ஓட்டுகிறது என்பதைப் பேசும் சிறப்புக் கட்டுரை.

பன்னிரண்டாம் வகுப்பை முடித்த பிள்ளைக்காகத் தமிழ்நாட்டுப் பெற்றோர் மே மாதம் தொடங்கி இரண்டு செய்திகளை எதிர்பார்த்திருக்கின்றனர். எந்தக் கல்லூரியில் எந்தப் பாடப்பிரிவில் இடம் கிடைக்கும் என்பது ஒன்று. அந்த இடத்துக்கு ஆகும் செலவில் எவ்வளவு உதவித்தொகையாகவோ கட்டணச் சலுகையாகவோ கழியும் என்பது மற்றொன்று. முதல் செய்தி இன்று இணையவழியாக, அறிவித்த நாளில், பெரும்பாலும் அறிவித்த நேரத்திலேயே வந்துவிடுகிறது. இரண்டாவது செய்தி வேறு துறைகளின் மேசைகளைக் கடந்து, வேறொரு நாள்காட்டியின்படி, பிள்ளை விடுதியில் சேர்ந்து முதல் பருவப் பாடங்கள் தொடங்கிய பின்னரே பல வீடுகளை எட்டுகிறது. சேர்க்கை முறையைப் பற்றிய பொது விவாதம் கட்-ஆஃப், இடஒதுக்கீடு, நுழைவுத்தேர்வு ஆகியவற்றைச் சுற்றியே நடந்துவருவதால், இவ்விரண்டு செய்திகளுக்கும் இடைப்பட்ட மாதங்களில் பெற்றோர் படும் பாடு போதிய கவனம் பெறவில்லை.

அந்த இடைவெளியைத் தெளிவாகக் காட்டும் ஊர்களுள் ஒன்று, தென்காசி மாவட்டத்தின் மேற்கு எல்லையிலுள்ள புளியறை. திருமங்கலத்திலிருந்து கொல்லம் செல்லும் தேசிய நெடுஞ்சாலை, செங்கோட்டையைத் தாண்டி ஆரியங்காவுக் கணவாயை நோக்கி வளைந்து ஏறத் தொடங்குவது இங்கேதான். கேரளத்துக்குள் நுழையும் சரக்கு லாரிகள் நின்று செல்லும் சோதனைச்சாவடியும் இங்கேதான். தட்சிணாமூர்த்தி சன்னதிக்குப் பெயர்பெற்ற கோயிலையும் மலையடிவாரத்து வயல்களையும் தென்னந்தோப்புகளையும் கொண்ட இவ்வூருக்கு, மழையும் சாகுபடியும் சேர்க்கையும் ஒரே பருவத்தில் வருகின்றன. தென்மேற்குப் பருவக்காற்று கணவாய் வழியே சாரலைக் கொண்டுவருவதும், குற்றாலத்தில் சீசன் களைகட்டுவதும், கார் சாகுபடிக்கு உழவு தொடங்குவதும் ஜூன் மாதத்தில். பொறியியல் தரவரிசைப் பட்டியலும் கலந்தாய்வும் நடப்பதும் ஜூன் இறுதி தொடங்கி ஆகஸ்ட் வரை. கைப்பணம் வயலுக்குள் இறங்கும் அதே வாரங்களில் கல்லூரிக் கட்டணத்துக்கான கெடுவும் வந்து நிற்கிறது.

இருநூற்றுக்கு எத்தனை?

தமிழ்நாட்டில் பொறியியல் சேர்க்கைக்கான தகுதி, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு மதிப்பெண்ணைக் கொண்டு மட்டுமே கணக்கிடப்படுகிறது. கணிதத்தின் 100 மதிப்பெண் அப்படியே எடுத்துக்கொள்ளப்பட, இயற்பியலும் வேதியியலும் 50, 50 ஆகச் சுருக்கப்பட்டு, மூன்றும் சேர்ந்து 200 ஆகின்றன. பெற்றோர் கட்-ஆஃப் என்று சொல்வது இந்த 200-க்குப் பிள்ளை பெற்ற எண்ணையே. 1984-ஆம் ஆண்டு முதல் இருந்துவந்த மாநில நுழைவுத்தேர்வு, கிராமப்புறப் பிள்ளைகளுக்கும் தனிப்பயிற்சிக்குச் செலவிட இயலாத குடும்பங்களுக்கும் பாதகமானது என்ற நீண்ட வாதத்தின் முடிவில், 2006-இல் இயற்றப்பட்ட சட்டத்தால் நீக்கப்பட்டது. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் அண்ணா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஒற்றைச்சாளரக் கலந்தாய்வு, அதாவது மாநிலம் முழுவதிலுமுள்ள கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களை ஒரே தரவரிசைப்படி ஒரே இடத்தில் நிரப்பும் முறை, 2018-இல் இணையவழிக்கு மாறியது. மறு ஆண்டில் அதை நடத்தும் பொறுப்பைத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் ஏற்றுக்கொண்டது. செங்கோட்டையிலிருந்து இரவு ரயிலேறிச் சென்னைக்குச் சென்று, கலந்தாய்வு அரங்கின் வாசலில் கோப்புடன் உட்கார்ந்திருந்த காலம் அத்துடன் முடிந்தது.

சோதனைச்சாவடியைக் கடந்தால் தகுதிக்கான இலக்கணமே மாறிவிடுகிறது. கேரளம் தனது பொறியியல் சேர்க்கைக்கு மாநில நுழைவுத்தேர்வை இன்றும் வைத்திருக்கிறது. அத்தேர்வின் மதிப்பெண்ணும் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணும் சேர்ந்தே அங்கே தரவரிசையை முடிவு செய்கின்றன. அவ்விரண்டையும் சேர்க்கும் கணக்குமுறையில் செய்யப்பட்ட மாற்றத்தை 2025 ஜூலையில் கேரள உயர்நீதிமன்றம் ரத்து செய்ததால், வெளியான தரவரிசைப் பட்டியலே திருத்தப்பட நேர்ந்தது. ஆரியங்காவிலோ புனலூரிலோ உறவினர் இருக்கும் புளியறைக் குடும்பங்களில் ஒரே வயதுள்ள இரு பிள்ளைகள் இரு வேறு அளவுகோல்களால் அளக்கப்படுவது இதனால் இயல்பாகிறது. தமிழ்நாட்டைப் பூர்வீகமாகக் கொண்டு கேரளப் பள்ளியில் படித்த பிள்ளை இப்பக்கக் கலந்தாய்வில் பங்கேற்க விரும்பினால், எட்டாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை ஒரு பகுதியை வெளிமாநிலத்தில் படித்தமைக்கு ஈடாக இருப்பிடச் சான்றிதழ் ஒன்றைக் கூடுதலாகக் காட்ட வேண்டும்.

ஒரே கட்-ஆஃப் பெற்ற பலரை வரிசைப்படுத்தும் முறையில்தான் பெற்றோரின் பதற்றம் மிகுதியாகத் தெரிகிறது. முதலில் கணித மதிப்பெண், அதிலும் சமமானால் இயற்பியல், பின்னர் விருப்பப் பாடம், அதன்பின் பொதுத்தேர்வின் மொத்த மதிப்பெண் எனப் படிப்படியாகச் சென்று, எல்லாவற்றிலும் சமமாக நிற்பவர்களுள் வயதில் மூத்தவருக்கு முன்னுரிமை தரப்படுகிறது. பிறந்த தேதியும் ஒன்றாகிவிட்டால், ஜூன் மாதத்தில் ஒவ்வொரு விண்ணப்பதாரருக்கும் கணினி வழங்கும் பத்து இலக்கச் சமவாய்ப்பு எண் முடிவு செய்கிறது. அந்த எண் பயன்படும் தருணம் மிக அரிது என்றாலும், அது வெளியாகும் நாளில் பெரிய எண்ணா, சிறிய எண்ணா என்று விசாரிக்காத வீடு குறைவு. தரவரிசை வந்ததும் கேள்வி மாறுகிறது. அரசு ஒதுக்கீட்டில் கிடைத்த இடத்தை மெரிட் சீட் என்றும், கல்லூரி நிர்வாகம் தன் பங்கிலிருந்து தரும் இடத்தை மேனேஜ்மென்ட் சீட் என்றும் பிரித்துப் பேசும் வழக்கம் ஊன்றிவிட்டதால், தெருவில் எதிர்ப்படுபவர் கல்லூரியின் பெயரைக் கேட்கும் முன், “மெரிட்டா, மேனேஜ்மென்டா?” என்றே கேட்கிறார்.

ஐந்து விருப்பங்கள், இரண்டு நாள்கள்

கலந்தாய்வு மூன்று சுற்றுகளாக நடக்கிறது. தன் சுற்று வந்ததும் மாணவர், கல்லூரிகளையும் பாடப்பிரிவுகளையும் விருப்ப வரிசையில் பதிவு செய்கிறார். சாய்ஸ் ஃபில்லிங் எனப்படும் இப்பணியில் நூற்றுக்கும் மேற்பட்ட தேர்வுகளைப் பதிவு செய்பவர்களும் உண்டு. பின்னர்த் தற்காலிக ஒதுக்கீடு திரையில் வருகிறது. அதை ஏற்றுச் சேரலாம், ஏற்றுக்கொண்டு, மேலுள்ள விருப்பம் காலியானால் அதற்கு மாறக் காத்திருக்கலாம், ஏற்காமல் மேலுள்ள விருப்பத்துக்கு மட்டும் காத்திருக்கலாம், ஏற்காமல் அடுத்த சுற்றுக்குச் செல்லலாம், கலந்தாய்விலிருந்தே விலகலாம். இந்த ஐந்தில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க ஏறத்தாழ இரண்டு நாள் அவகாசம் தரப்படுகிறது. உறுதி செய்த பின் கட்டணம் செலுத்திக் கல்லூரியில் சேர்வதற்கும் சில நாள்களே உள்ளன. கெடு தப்பினால் இடம் பறிபோகும்.

வெளிப்பார்வைக்கு இது பாடப்பிரிவைப் பற்றிய முடிவாகத் தெரிந்தாலும், எளிய குடும்பங்களில் இது பெரும்பாலும் செலவைப் பற்றிய முடிவாகவே இருக்கிறது. திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் கிடைக்கும் இடத்துக்கும் கோயம்புத்தூரிலுள்ள சுயநிதிக் கல்லூரியில் கிடைக்கும் இடத்துக்கும் இடையே படிப்பின் தரத்தை ஒப்பிடுவதற்கு முன், ஆண்டுக்கு எவ்வளவு வேறுபடும் என்பதைத் தந்தை கணக்கிட வேண்டியுள்ளது. சுயநிதிக் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்குக் கட்டண நிர்ணயக் குழு 2017-இல் வகுத்த உச்சவரம்பு, தேசிய அங்கீகாரம் இல்லாத பாடப்பிரிவுக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய், அங்கீகாரம் பெற்றதற்கு 55,000 ரூபாய் என்பதாகும். விடுதி, உணவு, பேருந்து, தேர்வுக் கட்டணம் ஆகியவை இதில் அடங்கா. உதவித்தொகை எவ்வளவு, எப்போது என்பது உறுதியாகத் தெரிந்திருந்தால் இந்தக் கணக்கு எளிதாகிவிடும். ஒதுக்கீட்டு ஆணையில் கல்லூரியின் பெயரும் பாடப்பிரிவும் உறுதியாக இருக்கின்றன. அக்குடும்பம் கைப்பணமாகச் செலவிட வேண்டிய மொத்தத் தொகை எவ்வளவு என்பது அதில் இல்லை.

உதவிக்குப் பல வாசல்கள்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் சேர்க்கைக் கடிதத்தோடோ அதையடுத்தோ உதவித்தொகை அறிவிப்பும் வந்துவிடுவதால், பல கல்லூரிகளின் அறிவிப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, வழக்கமான கெடுவான மே 1-க்குள் அங்குள்ள பெற்றோர் முடிவு செய்கின்றனர். தமிழ்நாட்டில் இடத்தைத் தருவது மதிப்பெண். பணத்தைத் தருவது பெரும்பாலும் குடும்பத்தின் சமூகப் பிரிவு, ஆண்டு வருமானம், படித்த பள்ளி, பெற்றோரின் தொழில் ஆகியவை. சமூகநீதியை நோக்கிய இந்த ஏற்பாடு நியாயமானது. தடுமாற்றத்தைத் தருவது அதன் வாசல்கள் பலவாக இருப்பதும் ஒவ்வொரு வாசலுக்கும் வேறொரு துறை பொறுப்பாக இருப்பதுமே.

பட்டியலினத்தவர், பழங்குடியினர் ஆகியோருக்கான பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகைக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். பட்டியலினத்தவருக்கான தொகையில் 60 விழுக்காட்டை ஒன்றிய அரசும் எஞ்சியதை மாநில அரசும் ஏற்கின்றன. பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினர் ஆகியோருக்குத் தனித் திட்டங்கள் உள்ளன. குடும்பத்தில் இதுவரை எவரும் பட்டம் பெறாத நிலையில் கலந்தாய்வு வழியாகச் சேரும் பிள்ளைக்கு, 2010-11 முதல் முதல் பட்டதாரிச் சலுகையாகக் கல்விக் கட்டணத்தின் ஒரு பகுதியை அரசு ஏற்கிறது. இச்சலுகை ஒரு குடும்பத்தில் ஒருவருக்கு மட்டுமே என்பதால், மூத்த மகளைக் கலந்தாய்வு வழியாகச் சேர்க்கும்போதே அதைக் கோருவதா, இரண்டாண்டுகள் கழித்துப் பொறியியலுக்குச் செல்லவிருக்கும் இளைய மகனுக்கு விட்டுவைப்பதா என்ற சங்கடமான கேள்வி சில வீடுகளில் எழுகிறது. மூத்தவள் பட்டம் பெற்றுவிட்டால் தம்பி முதல் பட்டதாரியாக இருக்க முடியாது என்பதையும் அப்போதுதான் பலர் கவனிக்கின்றனர்.

தென்காசி மாவட்டத்துக்கு நெருக்கமான மற்றொரு வாசல் பீடித் தொழிலாளரின் பிள்ளைகளுக்கானது. மடியில் முறத்தை வைத்து இலை வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டிப் பீடிக் கடையில் கணக்கு ஒப்படைக்கும் பெண்களின் பிள்ளைகளுக்கு, ஒன்றியத் தொழிலாளர் நலத்துறை தொடக்கப் பள்ளிக்கு ஆண்டுக்கு 1,000 ரூபாயில் தொடங்கித் தொழிற்படிப்புக்கு 25,000 ரூபாய் வரை உதவித்தொகை வழங்குகிறது. தாயிடம் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருந்தால்தான் இவ்வாசல் திறக்கும். கடையின் பதிவேட்டில் பெயரில்லாமல் இன்னொருவரின் கணக்கில் சுற்றிக்கொடுக்கும் பெண்ணின் பிள்ளைக்கு அது திறப்பதில்லை. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கும் பெற்றோரின் பிள்ளைகளுக்கும் கல்வி உதவி உண்டு. கேரளத்தில் கட்டட வேலைக்குச் செல்லும் தந்தை அதைக் கோர, தம் ஊரில் பதிவைப் புதுப்பித்து வைத்திருக்க வேண்டும்.

மதிப்பெண்ணை முதன்மையாகக் கொண்ட அரசு உதவித்தொகை எனில், பொதுத்தேர்வில் முதல் 20 விழுக்காட்டினருக்குள் வந்து, வருமானமும் 4.5 லட்சம் ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு ஒன்றிய அரசு வழங்குவதைக் குறிப்பிட வேண்டும். இளநிலைப் படிப்புக்கு அதன் தொகை ஆண்டுக்கு 12,000 ரூபாய். சுயநிதிப் பொறியியல் கல்லூரியின் கல்விக் கட்டணத்தில் இது நான்கில் ஒரு பங்கைக்கூட எட்டுவதில்லை. 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும் 2024 ஆகஸ்ட் 9 அன்று தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டமும், ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபாயை நேரடியாக வங்கிக் கணக்கில் செலுத்துகின்றன. பிற உதவித்தொகைகளைப் பெறுவதற்கு இவை தடையாவதில்லை என்பதும், மாதந்தோறும் எதிர்பார்க்கத்தக்கவை என்பதும் இவற்றின் தனிச்சிறப்பு.

செங்கோட்டை வட்டத்தின் தனிக்கணக்கு

இவ்வாசல்கள் ஒவ்வொன்றுக்கும் சான்றிதழ் வேண்டும். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, தேவைப்பட்டால் இருப்பிடச் சான்று. இ-சேவை மையத்தில் பதிவாகும் விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் ஆகியோரின் அறிக்கையோடு வட்டாட்சியர் அலுவலகத்தை அடைகிறது. முதல் பட்டதாரிச் சான்றுக்குப் பெற்றோர், தாத்தா, பாட்டி, உடன்பிறந்தோர் என வீட்டிலுள்ள ஒவ்வொருவரின் படிப்பையும் குறிப்பிட்டு உறுதிமொழி தர வேண்டும். பள்ளிச் சான்றிதழில் ஒரு முன்னெழுத்தும் ஆதாரில் வேறொரு முன்னெழுத்தும் இருப்பது, தந்தையின் பெயரில் குலப்பெயர் ஓர் ஆவணத்தில் ஒட்டியும் மற்றொன்றில் விடுபட்டும் இருப்பது ஆகிய சிறு முரண்களே பெரும்பாலும் விண்ணப்பத்தைத் திருப்பியனுப்பப் போதுமானவை.

செங்கோட்டை வட்டத்தில் இந்தச் சாதிச் சான்றுக்குப் பின்னால் ஒரு வரலாறும் இருக்கிறது. 1956 நவம்பர் 1 வரை இப்பகுதி திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தோடு இருந்தது. மொழிவழி மாநிலச் சீரமைப்பின்போதே இது சென்னை மாநிலத்தில் சேர்ந்து திருநெல்வேலி மாவட்டத்தின் பகுதியாகி, 2019 நவம்பர் 22 அன்று உருவான தென்காசி மாவட்டத்துக்குள் வந்தது. திருவிதாங்கூர்க் காலச் சாதிப் பட்டியலின் தடம் இன்றும் அழியவில்லை. தமிழ்நாட்டின் பிற பகுதிகளில் மிகப் பிற்படுத்தப்பட்டோராகக் கொள்ளப்படும் வண்ணார் சமூகத்தினர், கன்னியாகுமரி மாவட்டத்திலும் செங்கோட்டை வட்டத்திலும் பட்டியலினத்தவராகக் கொள்ளப்படுகின்றனர். வேறு சில சமூகங்களின் பெயருக்குப் பக்கத்திலும் இதே இரு நிலப்பகுதிகளைச் சுட்டும் குறிப்பு அரசுப் பட்டியலில் உண்டு. ஆகவே, புளியறையில் வாழும் குடும்பமும் சில கிலோமீட்டருக்கு அப்பால் தென்காசி வட்டத்தில் வாழும் அதன் உறவுக் குடும்பமும் வெவ்வேறு துறைகளிடம், வெவ்வேறு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க நேரலாம். இந்நுட்பத்தை அறிந்த அலுவலரும் தலைமையாசிரியரும் இருக்கும் ஆண்டில் வேலை விரைவாக முடிகிறது. வேறு மாவட்டத்திலிருந்து மாற்றலாகி வந்தவர் இருக்கும் ஆண்டில் பழைய ஆவணத்தை எடுத்துக்காட்டி விளக்க வேண்டியிருக்கிறது.

சான்றிதழ்கள் சேர்ந்த பின்னும் ஒரு கண்ணி எஞ்சுகிறது. உதவித்தொகை இப்போது நேரடியாக மாணவரின் வங்கிக் கணக்குக்கு வருகிறது. கணக்கு ஆதாருடன் இணைந்திருந்தால் மட்டும் போதாது, அரசின் நேரடிப் பணப்பரிமாற்றத்தைப் பெறும் கணக்காக அதே கணக்கு வங்கியால் குறிக்கப்பட்டும் இருக்க வேண்டும். பள்ளியில் தொடங்கிய கணக்கு பயன்பாடின்றி முடங்கியிருப்பதும், அண்மையில் வேறு வங்கியில் தொடங்கிய கணக்குக்குப் பணம் சென்றிருப்பதும், பணம் வரவில்லை என்று விசாரிக்கச் செல்லும்போதே தெரியவருகின்றன.

காரும் கட்டணமும்

உதவித்தொகை வரும்வரையிலான மாதங்களைக் குடும்பம் எப்படிக் கடக்கிறது என்பதற்கு விடை, அக்குடும்பத்தின் வருமானம் எந்த மாதத்தில் வருகிறது என்பதில் இருக்கிறது. இப்பகுதியில் நெல் இரு பருவங்களாகப் பயிராகிறது: ஜூன் வாக்கில் தொடங்கிச் செப்டம்பர், அக்டோபரில் அறுவடையாகும் கார், வடகிழக்குப் பருவமழையை ஒட்டித் தொடங்கிப் பிப்ரவரி, மார்ச்சில் அறுவடையாகும் பிசானம். பிசான நெல்லை விற்ற பணம் கோடைச் செலவுகளில் கரைந்து, உழவு, நாற்றங்கால், நடவுக் கூலி, உரம் எனக் கார் சாகுபடிக்கு முதலீடு தேவைப்படும் ஜூலையில்தான் கலந்தாய்வுக் கட்டணமும் வருகிறது. குற்றாலத்தில் கடை வைத்தோ ஆட்டோ ஓட்டியோ விடுதியில் வேலை செய்தோ வாழும் குடும்பங்களுக்கு நிலைமை நேர்மாறு. அவர்களுடைய ஆண்டு வருமானத்தில் பெரும்பங்கு சீசன் மாதங்களிலேயே வருவதால், அருவியில் நல்ல தண்ணீர் விழுந்து கூட்டம் சேர்ந்த ஆண்டில் முதல் தவணை சிரமமின்றிக் கட்டப்படுகிறது, வெள்ளப்பெருக்கால் குளிக்கத் தடை நீடிக்கும் அல்லது சாரல் ஏமாற்றும் ஆண்டில் அது கடனாகிறது.

கடன் என்றால் முதலில் நினைவுக்கு வருவது நகைக்கடன். கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ நகையை வைத்தால் அன்றே பணம் கிடைத்துவிடுகிறது. கல்விக்கடனுக்குச் சேர்க்கை ஆணை, கட்டண விவரம், வருமானச் சான்று ஆகியவற்றோடு வங்கிக் கிளையின் ஒப்புதலும் வேண்டியிருப்பதால் அது கெடு நாளுக்குள் வருவது அரிது. 4 லட்சம் ரூபாய் வரை கல்விக்கடனுக்குச் சொத்துப் பிணையம் தேவையில்லை. படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்ட வேண்டியதுமில்லை. 2024 நவம்பரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிரதமரின் வித்யாலட்சுமி திட்டம் வட்டிச் சலுகையோடு பிணையமற்ற கடனுக்கு வழிசெய்கிறது என்றாலும், தேசியத் தரவரிசையை அடிப்படையாகக் கொண்டு தேர்வான ஏறத்தாழ 860 நிறுவனங்களில் சேர்பவர்களுக்கே அது உரியது. ஆக, பின்னால் வரவிருக்கும் உதவித்தொகைக்கும் கல்விக்கடனுக்கும் முன்பணமாக முதலில் அடகுக்குச் செல்வது பல வீடுகளில் தாயின் கழுத்துச் சங்கிலியே. வரவேண்டிய தொகை முழுதாக வந்துவிட்டாலும், இடைப்பட்ட மாதங்களின் வட்டியை எந்தத் திட்டமும் ஈடுசெய்வதில்லை.

இரண்டும் ஒன்றாக வந்த இடம்

இந்த இடைவெளி தவிர்க்க முடியாததன்று என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. ஓய்வுபெற்ற நீதிபதி பொ. கலையரசன் தலைமையிலான ஆணையத்தின் அறிக்கையை அடுத்து, மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020-இல் நடைமுறைக்கு வந்தது. முந்தைய ஆண்டில் ஒற்றை இலக்கமாக இருந்த அரசுப் பள்ளி மாணவர்களின் எம்.பி.பி.எஸ். சேர்க்கை, அவ்வாண்டில் 300-ஐத் தாண்டியது. ஆயினும் முதல் கலந்தாய்வின்போது, தனியார் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தும் கட்டணம் செலுத்த வழியில்லாத சிலர் அந்த இடத்தைக் கைவிட்டனர். கட்டணத்தை அரசே ஏற்கும் என்ற அறிவிப்பு அதன் பின்னரே வந்தது. கைவிட்டவர்கள் இழந்ததைக் கேட்டு உயர்நீதிமன்றத்தை நாட நேர்ந்தது. சில நாள்கள் முந்தி வந்திருந்தால் போதுமாயிருந்த அறிவிப்பு அது.

அந்த அனுபவத்தின் பின், 2021-இல் நீதிபதி த. முருகேசன் ஆணையத்தின் பரிந்துரைப்படி பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய தொழிற்படிப்புகளுக்கும் 7.5 விழுக்காடு நீட்டிக்கப்பட்டபோது, கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்பது தொடக்கத்திலேயே அறிவிக்கப்பட்டது. இவ்வொதுக்கீட்டில் இடம் பெறும் பிள்ளையின் பெற்றோர், கெடு நாளுக்குள் பணம் புரட்டும் கவலையின்றி ஐந்து விருப்பங்களுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடிகிறது. இடமும் பணமும் ஒரே ஆணையில் சேர்ந்துவந்தால் முடிவெடுக்கும் சுதந்திரம் எவ்வளவு விரிகிறது என்பதை இது காட்டுகிறது.

இதன் எல்லையும் கவனிக்கத்தக்கது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது அடிப்படை நிபந்தனை. அரசு உதவிபெறும் பள்ளிகள் இதில் சேரா. பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே கிறித்தவத் திருச்சபைகளும் பின்னர்ப் பிற அறநிலையங்களும் பள்ளிகளை நிறுவிவந்த பழைய நெல்லைச் சீமையில், கூலித் தொழிலாளரின் பிள்ளைகள் பெருமளவில் உதவிபெறும் பள்ளிகளிலேயே படிக்கின்றனர். தெருக்கோடியிலுள்ள அரசுப் பள்ளியா, பேருந்து நிறுத்தத்துக்கு அருகிலுள்ள உதவிபெறும் பள்ளியா என்று பத்து வயதுப் பிள்ளைக்காக எடுத்த முடிவு, ஏழாண்டுகள் கழித்துக் கல்லூரிக் கட்டணத்தைத் தீர்மானிக்கிறது. தமிழ்ப் புதல்வன் திட்டம் உதவிபெறும் பள்ளிகளின் தமிழ்வழி மாணவர்களைச் சேர்த்துக்கொண்டே தொடங்கியது. புதுமைப் பெண் திட்டமும் 2024 இறுதியில் அவ்வாறே விரிந்தது. உள்ஒதுக்கீடு இன்னும் அந்தக் கோட்டைத் தாண்டவில்லை.

கல்லூரிகள் நேரடியாகத் தருபவை

அரசுக்கு வெளியே, கல்லூரியே தகுதியைப் பார்த்துச் சலுகை வழங்கும் வழக்கமும் வளர்ந்துள்ளது. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் பலவும் நுழைவுத்தேர்வுத் தரவரிசையையோ பொதுத்தேர்வு மதிப்பெண்ணையோ வைத்துக் கட்டணத்தில் படிப்படியான கழிவு தருகின்றன, வேலூர் வி.ஐ.டி. பல்கலைக்கழகம் அரசுப் பள்ளிகளில் படித்து மாவட்ட அளவில் முதலிடம் பெறும் கிராமப்புற மாணவர்களுக்குக் கட்டணமற்ற கல்வி அளிக்கும் திட்டம் ஒன்றை நடத்திவருகிறது. சேர்க்கையின்போதே தொகை தெரிந்துவிடுவது இவற்றின் நன்மை. கழிவு போக எஞ்சும் கட்டணமே அரசு ஒதுக்கீட்டுக் கட்டணத்தைவிட அதிகமாக இருக்கலாம் என்பதையும், முதலாண்டுச் சலுகை அடுத்த ஆண்டுகளிலும் தொடரக் குறிப்பிட்ட தரப்புள்ளியைத் தக்கவைக்க வேண்டியிருக்கும் என்பதையும் பெற்றோர் கேட்டுத் தெளிய வேண்டும். அகரம் அறக்கட்டளை 2010-இல் தொடங்கிய விதைத் திட்டம் வேறொரு பாதையில் செல்கிறது. விண்ணப்பித்த மாணவரின் வீட்டுக்கே தன்னார்வலர்கள் சென்று நிலைமையைக் கண்டறிந்து, அதன் அடிப்படையில் கல்லூரிப் படிப்புக்கு உதவுகின்றனர். தாளில் எழுதிய வருமானத்தைவிட, கூரையையும் அடுப்படியையும் நேரில் பார்த்த ஒருவரின் மதிப்பீடு உண்மைக்கு நெருங்கியது என்ற நம்பிக்கை அதன் அடிப்படை.

தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் அமைத்துள்ள ஸோஹோ நிறுவனம், இந்தக் கணக்கையே தலைகீழாக்குகிறது. 2005 முதல் அது நடத்திவரும் பயிற்சிப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்போ பட்டயப் படிப்போ முடித்தவர்கள் தேர்வும் நேர்காணலும் வழியாகச் சேர்கின்றனர். கட்டணம் கிடையாது, பயிற்சிக் காலத்திலேயே மாத உதவித்தொகை கிடைக்கிறது. பட்டம் கிடைக்காது என்பதால் தயங்கும் பெற்றோரும் உண்டு. ஆயினும் கல்லூரிக் கலந்தாய்வுக்குப் பணம் புரட்டும் அதே மாதத்தில், பிள்ளை வீட்டுக்குப் பணம் அனுப்பும் வழியும் பக்கத்திலேயே இருப்பது, பட்டத்துக்கு என்ன விலை கொடுப்பது தகும் என்ற கேள்வியை இப்பகுதிக் குடும்பங்களிடம் எழுப்பியுள்ளது.

பெண்பிள்ளைகளைப் பொறுத்தவரை இன்னொரு கணக்கும் உண்டு. குற்றாலத்தில் 1964-இல் தொடங்கப்பட்ட ஸ்ரீ பராசக்தி மகளிர் கல்லூரி, காலையில் சென்று மாலையில் திரும்பும் தொலைவில் இருப்பதால், புளியறை, செங்கோட்டைப் பகுதிகளின் பல வீடுகளில் பட்டம் பெற்ற முதல் பெண்ணுக்கு அதுவே வழியாயிற்று. நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணமும் மாதம் 1,000 ரூபாயும் கிடைக்கும் இன்றைய நிலையில், அங்கே படிக்கும் மாணவியின் செலவைக் குடும்பம் முன்கூட்டியே அறிய முடிகிறது. அதே மாணவிக்கு வெளியூர்ப் பொறியியல் கல்லூரியில் நல்ல இடம் கிடைக்கும்போது, விடுதிச் செலவு எவ்வளவு என்ற தெளிவின்மை மதிப்பெண்ணை வென்றுவிடுகிறது. தெரியாத செலவைவிடத் தெரிந்த செலவே மேல் என்று பெற்றோர் முடிவெடுப்பதைக் குறைசொல்ல இயலாது.

செய்யக்கூடியவை

கட்டணக் கெடு எவ்வளவு கொடியதாக இருக்க முடியும் என்பதை 2024-இல் நாடு முழுவதும் கண்டது. தன்பாத் ஐ.ஐ.டி.யில் இடம் பெற்ற உத்தரப் பிரதேசத் தினக்கூலித் தொழிலாளி ஒருவரின் மகன், 17,500 ரூபாயைக் கெடு நேரத்துக்குள் இணையத்தில் செலுத்த முடியாமல் இடத்தை இழந்தபோது, உச்சநீதிமன்றம் தனது சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தி, அவரைச் சேர்த்துக்கொள்ளும்படி செப்டம்பர் 30 அன்று ஆணையிட்டது. கெடுவைத் தவறவிடும் ஒவ்வொரு வீட்டுக்கும் உச்சநீதிமன்றம் எட்டும் தூரத்தில் இல்லை.

தேவையான தரவுகள் அனைத்தும் அரசிடமே இருக்கின்றன என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. மாணவர் எந்தப் பள்ளியில் எந்த ஆண்டு படித்தார் என்பது பள்ளிக்கல்வித் துறையின் தரவுத்தளத்தில் இருக்கிறது. சாதிச் சான்றும் வருமானச் சான்றும் வருவாய்த் துறையின் இணையத்தில் இருக்கின்றன. கல்லூரிக் கட்டணம் நிர்ணயக் குழுவிடம் இருக்கிறது. இவற்றை இணைத்து, தற்காலிக ஒதுக்கீட்டு ஆணையிலேயே “இக்கல்லூரியில் சேர்ந்தால் நீங்கள் பெறத் தகுதியுள்ள உதவித்தொகை இவ்வளவு, கைப்பணமாகச் செலுத்த வேண்டியது இவ்வளவு” என்று அச்சிட முடியும். தகுதி உறுதியான தொகையைக் கல்லூரி முதல் தவணையில் கழித்துக்கொண்டு அரசிடம் பின்னர்ப் பெறும் ஏற்பாட்டை, முதல் பட்டதாரிச் சலுகையும் 7.5 விழுக்காடும் ஏற்கெனவே ஓரளவு நடைமுறையில் காட்டியுள்ளன. அதைப் பிற உதவித்தொகைகளுக்கும் விரிக்கலாம். பதினொன்றாம் வகுப்பிலேயே பள்ளி வளாகத்தில் முகாம் நடத்திச் சான்றிதழ்களையும் வங்கிக் கணக்கு இணைப்பையும் முடித்துவிட்டால், மே மாதத்து வட்டாட்சியர் அலுவலகக் கூட்டமும் குறையும், பெயரிலுள்ள முன்னெழுத்துப் பிழையைத் திருத்த ஓராண்டு அவகாசமும் கிடைக்கும்.

நுழைவுத்தேர்வை நீக்கியும், ஒற்றைச்சாளரத்தைத் திறந்தும், உள்ஒதுக்கீட்டைக் கொண்டுவந்தும் தமிழ்நாடு இடத்தைப் பெறும் பாதையைப் பெருமளவு செம்மைப்படுத்தியிருக்கிறது. அதே அக்கறையைப் பணம் வரும் பாதையிலும் காட்டும் ஆண்டிலிருந்து, கார் நடவுக்கு வைத்த பணத்தைக் கல்லூரிக்கு மாற்றும் நெருக்கடி புளியறையில் குறையத் தொடங்கும்.